எரிக்கச் சொன்ன கடிதங்கள்: எமிலி டிக்கின்சனின் தாள்கள் பற்றி

ஒரு வாசகரின் கேள்வி: அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் தன் தாள்களை எரித்துவிடச் சொல்லிவிட்டுத்தான் இறந்தார். தங்கை கேட்கவில்லை. இன்று நாம் அந்தத் தாள்களின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். இறந்தவரின் பெட்டியைக் கிளறுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கவிதைகள்தான் அச்சில் கிடைக்கின்றனவே, கையெழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம்?

பிப்ரவரி 3, இரவு

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். 31 ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவள் நான். "அச்சில் இருக்கிறதே" என்று என்னிடம் சொன்னால், எந்த அச்சில் என்று கேட்பேன்.

மேபல் லூமிஸ் டாடும் எழுத்தாளர் தாமஸ் ஹிக்கின்சனும் பதிப்பித்து 1890இல் வந்த முதல் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மரணம் வண்டியோடு வந்து நின்று அவரை ஏற்றிக்கொண்டு போகும் கவிதை அதில் 'தேர்' என்ற தலைப்போடு இருக்கிறது. எமிலி அதற்குத் தலைப்பே வைக்கவில்லை. கையெழுத்தில், பள்ளி இடைவேளையில் பிள்ளைகள் வட்டமாகக் கூடி மல்லுக்கு நிற்கிறார்கள். அச்சில் அந்த வட்டத்தைக் காணோம், 'பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது' என்று ஒரு சாதுவான வரி வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு கண்ணி முழுவதையும் எடுத்துவிட்டார்கள். எந்தக் கண்ணி என்று நினைக்கிறீர்கள்? மறையும் சூரியனை நாங்கள் கடந்தோம் என்று சொல்லிவிட்டு, இல்லை, அவன்தான் எங்களைக் கடந்தான் என்று எமிலி தன் பேச்சைத் தானே திருத்திக்கொள்ளும் இடம். பனி இறங்குகிறது, உடுத்தியிருப்பதோ சிலந்தி வலை போன்ற மெல்லிய துணி, உடம்பு நடுங்குகிறது. கவிதையில் குளிர் முதன்முதலாக உறைக்கும் இடமே அதுதான்.

கையெழுத்தோடு ஒப்பிட்டுத் தாமஸ் ஜான்சன் 1,775 கவிதைகளையும் மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தது 1955இல். முதல் தொகுப்புக்கும் அதற்கும் நடுவே 65 ஆண்டுகள். தாள் இருந்ததால்தான் திருத்த முடிந்தது.

தங்கை சொல் கேட்கவில்லை என்பது உண்மைதான். அதைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, காலை

நேற்றைய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். தங்கை லவினியா சொல் கேட்டார்.

1886 மே 15 அன்று எமிலி இறந்தார். எரிக்கச் சொல்லியிருந்த கடிதங்களை லவினியா எரித்தார். அன்றைய அமெரிக்கக் குடும்பங்களில் அது புதிய வழக்கமும் இல்லை. ஒருவர் இறந்தால் அவருக்கு வந்த கடிதங்களை எரிப்பார்கள், அல்லது எழுதியவருக்கே திருப்பி அனுப்புவார்கள். எரித்த பிறகுதான் அக்காவின் அறையில் கவிதைகள் கிடைத்தன. நூலால் தைத்த 40 சிறு ஏடுகள், அவற்றில் மட்டும் 800க்கு மேற்பட்ட கவிதைகள், அவை போக உதிரித் தாள்கள். இவற்றை என்ன செய்ய வேண்டும் என்று எமிலி எதுவும் சொல்லி வைக்கவில்லை. இத்தனை இருக்கிறது என்பதே லவினியாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆகவே துரோகம் என்ற குற்றச்சாட்டு இங்கே நிற்காது. என்னை வாட்டுவது வேறொன்று. எரிந்தவை மற்றவர்கள் எமிலிக்கு எழுதியவை. எமிலி மற்றவர்களுக்கு எழுதியவை அவரவர் வீட்டில் தங்கிவிட்டன. 1958 பதிப்பில் 1,049 கடிதங்கள். 2024இல் வந்த புதிய பதிப்பில் 1,304. இத்தனையிலும் நமக்குக் கேட்பது பெரும்பாலும் ஒரே குரல்.

பிப்ரவரி 4, மாலை

நிறுத்தக்குறியெல்லாம் ஒரு பொருட்டா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். எமிலிக்குப் பொருட்டாக இருந்தது. புல்லில் நெளியும் பாம்பைப் பற்றிய கவிதையை 1866 பிப்ரவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு நாளிதழ் பெயரில்லாமல் வெளியிட்டது. தன்னிடமிருந்து அது களவு போய்விட்டது என்றும், மூன்றாம் அடியை நிறுத்தக்குறி தோற்கடித்துவிட்டது, மூன்றும் நான்கும் ஒன்றாகவே ஓட வேண்டியவை என்றும் ஹிக்கின்சனுக்கு எமிலி எழுதினார். உயிரோடிருந்தபோது அவருடைய கவிதைகள் அச்சில் வந்தது பத்து அளவில்தான். அந்தச் சிறு எண்ணிக்கையிலேயே பட்ட காயம் இது.

பிப்ரவரி 7

அந்த 40 ஏடுகள் எப்படித் தைக்கப்பட்டவை என்று கேட்டவருக்கு நீளமாகவே எழுதுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கடைகளில் மடித்தபடியே விற்ற கடிதத் தாளை எமிலி வாங்கினார். ஒரு மடிப்புத் தாள் என்றால் நான்கு பக்கம். அதில் மையால் கவிதைகளைத் தெளிவாகப் படியெடுத்தார். நாம் நோட்டுப் புத்தகம் தைக்கும்போது ஒன்றுக்குள் ஒன்றாகத் தாளைச் செருகி நடுமடிப்பில் தைப்போம். அவர் அப்படிச் செய்யவில்லை. எழுதி முடித்த மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடது ஓரத்தில் இரண்டு துளைகள் குத்தி, நூலை விட்டு முடிச்சுப் போட்டார். ஏறக்குறைய 1858 முதல் 1864 வரை இந்த வேலை நடந்தது. பக்க எண் கிடையாது, தலைப்பு கிடையாது. ஒரு சொல் நிறைவு தரவில்லை என்றால் பக்கத்தில் சிறு கூட்டல் குறியிட்டு, மாற்றுச் சொற்களைக் கவிதையின் அடியில் எழுதி வைத்தார். பல இடங்களில் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமலே விட்டுவிட்டார். அச்சுக்கோப்பவர் முன்னால் இப்படி ஒரு தாளை வைத்தால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார்.

முதல் தொகுப்புக்காகப் படியெடுத்தபோது மேபல் லூமிஸ் டாட் நூலை அவிழ்த்தார், ஏடுகள் பிரிந்தன. "நம் ஓலைச்சுவடிக் கதைதான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். முழுக்க அப்படி இல்லை. கயிறு அறுந்தாலும் சுவடியில் ஏட்டெண் இருக்கும். இங்கே எண்ணே இல்லை.

பிறகு வந்தது வழக்கு. எமிலியின் அண்ணன் ஆஸ்டினுக்கும் மேபலுக்கும் பல ஆண்டுகளாக உறவு இருந்தது. இருவருமே மணமானவர்கள். ஆஸ்டினின் மனைவி சூசன் பக்கத்து வீட்டில் இருந்தவர், எமிலியின் உயிர்த் தோழி, அவர் கவிதைகளை மற்ற எவரையும்விட அதிகமாகக் கையில் வாங்கிப் படித்தவர். ஆஸ்டின் 1895இல் இறந்தார். ஒரு துண்டு நிலத்தை மேபலின் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்து 1896இல் கையெழுத்திட்ட லவினியா, ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று வழக்குத் தொடுத்தார். 1898இல் தீர்ப்பு லவினியாவின் பக்கம். மேபல் தன்னிடமிருந்த தாள்களையெல்லாம் கற்பூர மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். 30 ஆண்டுகளுக்கு மேல் பெட்டி பூட்டியே கிடந்தது. ஒரு நிலத்துண்டுக்காக ஒரு தலைமுறை வாசகர்கள் நூற்றுக்கணக்கான கவிதைகளைப் பார்க்காமலே போனார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

சூசன் வழியில் வந்த தாள்கள் 1950இல் ஹார்வர்டுக்குப் போயின. மேபலின் பெட்டியில் இருந்தவற்றை அவர் மகள் 1956இல் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரிக்குக் கொடுத்தார். குடும்பச் சண்டை இரண்டு நூலகங்களாக நின்றுவிட்டது.

பிரிந்து கிடந்த தாள்களை ரால்ஃப் ஃபிராங்க்ளின் வரிசைப்படுத்தினார். ஊசித் துளைகள் எந்தத் தாளில் எந்த இடத்தில் விழுந்திருக்கின்றன, ஒரு தாளின் மைக்கறை எதிர்த்தாளில் எங்கே படிந்திருக்கிறது, எது வெளித்தாளாக இருந்து அழுக்கேறியது, எந்த இரண்டு தாள்கள் ஒரே வகைக் காகிதம் என்றெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழைய அடுக்கைக் கண்டுபிடித்தார். 1981இல் இரண்டு பெரிய தொகுதிகளாக அந்தப் படிகளை அப்படியே வெளியிட்டார். ஊசி குத்திய துளையும் பாடத்தின் ஒரு பகுதி என்பதை நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

பிப்ரவரி 8

மேபல் கெட்டவர், சூசன் நல்லவர் என்று நான் எழுதியதாகப் படித்திருக்கிறார்கள். நான் அப்படி எழுதவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எமிலி 1850களில் ஆஸ்டினுக்கு எழுதிய கடிதங்களில் சூசனைப் பற்றிய இடங்களை யாரோ சுரண்டியும் வெட்டியும் எடுத்திருக்கிறார்கள். 'வீட்டுக்குள் ஒரு சகோதரி, வேலிக்கு அப்பால் இன்னொரு சகோதரி' என்ற பொருளில் தொடங்கும் கவிதை தைத்த ஏட்டில் இருந்தது. அதை மையால் வரிவரியாக அடித்திருக்கிறார்கள். ஆய்வாளர்களின் சந்தேகம் மேபல் மீதும் ஆஸ்டின் மீதும் விழுகிறது. கவிதை பிழைத்ததற்குக் காரணம், எமிலி அதே கவிதையை இன்னொரு தாளில் எழுதி சூசனுக்கே அனுப்பியிருந்தார். பெறுநர் வைத்திருந்தார்.

பிப்ரவரி 11

ஒரே குரல்தான் கேட்கிறது என்று 4ஆம் தேதி எழுதினேன். அது மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

1862 ஏப்ரலில் எமிலி, முன்பின் தெரியாத தாமஸ் ஹிக்கின்சனுக்கு நான்கு கவிதைகளோடு ஒரு கடிதம் அனுப்பினார். என் கவிதைக்கு உயிர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கடிதத்தில் கையொப்பம் இல்லை. உள்ளே ஒரு சிறிய உறை, அதற்குள் ஓர் அட்டை, அட்டையில் பென்சிலால் பெயர். அந்தக் கையெழுத்தைப் பார்த்தபோது, ஆம்ஹெர்ஸ்ட் அருங்காட்சியகத்தில் கல்லில் பதிந்திருக்கும் பறவைக் கால்தடங்களைப் பார்த்து எழுதப் பழகியவர் போல இருந்ததாக ஹிக்கின்சன் பின்னாளில் எழுதினார். அவை பறவைத் தடங்கள் அல்ல, டைனோசர்களின் தடங்கள் என்பது பிறகு தெரிந்தது. எமிலி அவருக்கு எழுதியவை இன்று பாஸ்டன் பொது நூலகத்தில் இருக்கின்றன. அவர் எமிலிக்கு என்ன பதில் எழுதினார்? எமிலியின் அடுத்த கடிதத்திலிருந்துதான் ஊகிக்க வேண்டும். அறுவைக்கு நன்றி, நினைத்த அளவு வலிக்கவில்லை என்கிறார் எமிலி. அப்படியானால் ஹிக்கின்சன் கத்தி வைத்திருக்கிறார். எங்கே வைத்தார்?

நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் கதையும் இப்படித்தான். அவருடைய 'மோபி டிக்' 1851இல் வந்தது, சக எழுத்தாளர் ஹாதோர்னுக்குக் காணிக்கை. படித்துவிட்டு ஹாதோர்ன் எழுதிய கடிதம் மெல்வில்லை அப்படியே தூக்கிச் சென்றிருக்கிறது. வழியில் கையில் கிடைத்தது, அங்கேயே படித்தேன் என்று நவம்பரில் பொங்கிப் பொங்கிப் பதில் எழுதுகிறார். அந்தப் பொங்கலுக்குக் காரணமான கடிதம் இன்று இல்லை. அதில் நான்கு வரி கிடைத்தாலும் போதும் என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

என் வீட்டில் ஒரு கடிதக் கம்பி இருக்கிறது. மரக்கட்டையில் செருகிய, நுனி வளைந்த கம்பி. அப்பா கரக்பூர் ரயில்வேயில் வேலை பார்த்தார், அம்மா திருநெல்வேலிப் பக்கம் கிராமத்தில் இருந்தாள். அப்பா எழுதிய இன்லேண்ட் கடிதங்களை அம்மா படித்து முடித்ததும் கம்பியில் குத்தினாள். அம்மா எழுதியவற்றை அப்பா ஒவ்வொரு குவார்ட்டர்ஸ் மாறும்போதும் கழித்துவிட்டார். நான் அம்மாவின் இளமையை அப்பாவின் பதில்களில்தான் படித்திருக்கிறேன். "கருப்பட்டி சேதமில்லாமல் வந்தது." "கிணற்றுக்குத் தூர் வாரியது நல்லது." ஒரு கடிதத்தில் "நீ கேட்டதற்கு இல்லை என்பதே என் பதில். மேற்கொண்டு எழுத வேண்டாம்." அம்மா என்ன கேட்டாள்?

பிப்ரவரி 12

ஒரே குரல் என்பதற்கு விதிவிலக்கு உண்டு, அதை விட்டுவிட்டேன். 1861இல் சலவைக்கல் அறைகளில் உறங்கும் இறந்தவர்களைப் பற்றிய கவிதையை எமிலி சூசனிடம் அனுப்பினார். சூசனுக்கு இரண்டாவது கண்ணி சரிப்படவில்லை. எமிலி வேறொன்று எழுதி அனுப்பினார். அதுவும் முதல் கண்ணியின் பேய் வெளிச்சத்தோடு ஒட்டவில்லை என்றும், முதல் கண்ணி தனியே நிற்கக்கூடியது, அதற்கு இணை கிடையாது என்றும், அதை நினைத்த பிறகு எப்போதும் நெருப்பின் அருகே போய்ச் சூடேற்றிக்கொள்வேன், இனி ஒருபோதும் சூடேறாது என்றும் சூசன் பதில் எழுதினார். இந்தப் பதில் தப்பிப் பிழைத்திருக்கிறது. வேலிக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் சீட்டுகள் போய் வந்த அந்தச் சில நாட்களில் மட்டும் எமிலியின் மேசையில் இரண்டு பேர் இருப்பதைப் பார்க்கிறோம். அவர் யாரிடமும் காட்டாமல் தனியே எழுதிக் குவித்தார் என்று பேசுகிறவர்கள் இந்தச் சீட்டுகளைப் படிக்க வேண்டும்.

பிப்ரவரி 15

கையெழுத்து, காகிதம் என்று நான் உருகுவதைப் பார்த்த ஒருவர், போலிகளைப் பற்றிப் பேசாமல் நழுவுகிறீர்கள் என்றார். நழுவவில்லை, சொல்கிறேன்.

1997இல் சதபீஸ் ஏலத்தில் எமிலியின் கையெழுத்தில் அதுவரை யாரும் அறியாத ஒரு கவிதை வந்தது. ஆம்ஹெர்ஸ்ட் ஊரின் ஜோன்ஸ் நூலகம் 21,000 டாலர் கொடுத்து அதை வாங்கியது. எமிலியின் கையெழுத்து வயதோடு மாறிக்கொண்டே வந்தது. தேதியில்லாத தாள்களுக்கு ஆண்டு குறிப்பதே எழுத்துகளின் வடிவத்தை வைத்துத்தான். அந்தத் தாளில் காலத்துக்கேற்ற எழுத்து இருந்தது, காகிதமும் பழையது. ஆனால் அதை எழுதியவர் மார்க் ஹாஃப்மன். மார்மன் சமய ஆவணங்களைப் போலியாகத் தயாரித்து விற்று, அகப்படும் நிலை வந்தபோது 1985இல் சால்ட் லேக் நகரில் குண்டு வைத்து இரண்டு பேரைக் கொன்றவர். ஏலம் நடந்த நாளில் அவர் சிறையில் இருந்தார். நூலகத்தின் காப்பாளர் தாமே துருவித் துருவி உண்மையைக் கண்டுபிடித்தார், பணம் திரும்பி வந்தது.

எமிலியின் ஊர், எமிலியின் தாளுக்காகப் பணம் சேர்த்து ஏமாந்தது. இதைப் படித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. துளையையும் கறையையும் நம்பச் சொல்கிறேன், ஆனால் அந்தத் தாள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வழித்தடமும் கூடவே வேண்டும். அதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 16

3ஆம் தேதிக் குறிப்பை மறுபடி படித்தேன். ஹிக்கின்சனையும் மேபலையும் கொஞ்சம் அதிகமாகவே அடித்திருக்கிறேன்.

நானும் திருத்தியவள்தான். ஒரு முதிய கவிஞரின் தொகுப்பு மெய்ப்புக்கு வந்தது. பெயர் வேண்டாம், அச்சகமும் வேண்டாம். அடிக்கு அடி கோடு போட்டிருந்தார். பழக்கத்தில் பாதியைக் காற்புள்ளியாக்கினேன். அவர் நேரில் வந்தார். சத்தம் போடவில்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒரு கவிதையை வாய்விட்டுப் படித்தார், கோடு இருந்த இடத்திலெல்லாம் நிறுத்தி, மூச்சு விட்டு. பிறகு நான் திருத்தியதைப் படித்தார். மூச்சே விடவில்லை. அன்று மாலை முழுவதும் கோடுகளைத் திரும்பப் போட்டேன்.

எமிலி வந்து உட்கார மேபலுக்கு எதிரே நாற்காலி இல்லை. நூற்றுக்கணக்கான கவிதைகளை, பறவைக்கால் கையெழுத்திலிருந்து, மேபல் எழுத்துக் கூட்டிப் படியெடுத்தார். அந்த உழைப்பு இல்லாவிட்டால் 1890இல் புத்தகம் இல்லை. இருந்தாலும் கண்ணியை வெட்டியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

பிப்ரவரி 20

முதல் கேள்வியைக் கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். நீங்கள் பதில் சொல்லவில்லை, பெட்டியைக் கிளறலாமா கூடாதா என்கிறார்.

எல்லாத் தாளுக்கும் ஒரே பதில் என்னிடம் இல்லை. பிற்காலத்தில் அவர் பழைய உறைகளைப் பிரித்து அவற்றின் உட்புறத்தில் எழுதினார். நம்பிக்கை எப்படி வீடு கட்டுகிறது என்ற கவிதை இருக்கும் உறைத்துண்டு, முக்கோண மடலோடு, ஓடு வேய்ந்த வீட்டைப் போலவே இருக்கிறது. திரும்பி வரவே முடியாத சில பொருட்களைப் பற்றிய கவிதை, தேங்காய்க் கேக் செய்முறை எழுதிய தாளின் பின்புறத்தில். சாக்லேட் சுற்றிவந்த தாளிலும் எழுதியிருக்கிறார். இவற்றை எந்தக் கூச்சமும் இல்லாமல் பார்க்கிறேன். ஹார்வர்டும் ஆம்ஹெர்ஸ்டும் பாஸ்டனும் வைத்திருக்கும் கவிதைத் தாள்களை 2013 முதல் இணையத்தில் ஒரே இடத்தில் பார்க்கலாம். நீதிமன்றம் பிரித்ததைத் திரை சேர்த்து வைத்திருக்கிறது.

ஆனால் 'எஜமானருக்கு' என்று எழுதிய மூன்று கடிதங்கள் இருக்கின்றன. யார் அந்த எஜமானர் என்று தெரியாது, அனுப்பினாரா என்றும் தெரியாது. சொற்களை அடித்து, மேலே வேறு சொல் எழுதி, அதையும் அடித்து, ஒரு மனிதர் மன்றாடுவது தாளில் தெரிகிறது. அவற்றின் படத்தைத் திறந்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் என்னால் பார்க்க முடிவதில்லை. மூடிவிடுகிறேன். மறுநாள் திரும்பத் திறக்கிறேன். நீங்கள் இதைத் தவறு என்றால் நான் வாதாட மாட்டேன்.

மார்ச் 2

கம்பியிலிருந்த கடிதங்களை எடுத்துப் படமெடுக்கத் தொடங்கினேன். பல கடிதங்களில் தேதி இல்லை, அஞ்சல் முத்திரை அழிந்துவிட்டது. நடுவில் யாரோ மொத்தமாக உருவி, முறை மாற்றிக் குத்தியிருக்கிறார்கள். ஃபிராங்க்ளின் செய்ததைச் செய்து பார்த்தேன். பழைய துளையைச் சுற்றித் துரு வட்டம் இருக்கிறது. ஒரு கடிதத்தின் முதுகில் இருக்கும் வட்டம் அதற்குக் கீழே இருந்த கடிதத்தின் முகத்திலும் படிந்திருக்கிறது. வட்டத்தோடு வட்டம் பொருத்தி, மூன்று மாலைகளில் 46 கடிதங்களை வரிசைப்படுத்தினேன்.

"இல்லை என்பதே என் பதில்" கடிதத்துக்கு முந்தியதை இப்போதுதான் அதன் இடத்தில் பார்க்கிறேன். அதில் சித்தப்பாவுக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விண்ணப்பப் படிவம் வாங்கி அனுப்பியிருப்பதாக அப்பா எழுதியிருக்கிறார்.

இரண்டையும் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாவுக்கு 82 வயது. முதல் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். இரண்டாவதைத் திறக்கவில்லை.

"படிவம் இரண்டு வாங்கி அனுப்பச் சொன்னேன்" என்றாள்.